நான்கு காலி சீட்டுகள்

பூமியைக் காப்பாற்றுவது என்று ரெனால்ட் முடிவு செய்தது 2008-இல், வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த வாரத்தில். பூமி அவனிடம் கேட்கவில்லை. அவன் மனைவி பெர்சிஸும் கேட்கவில்லை.

சத்துவாச்சாரியில் வீடு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. வெளிநாட்டில் ஷூ வாங்குகிறவர்கள் இப்போது விலையோடு விடுவதில்லை. தண்ணீரை எப்படி மிச்சப்படுத்துகிறீர்கள், கழிவை என்ன செய்கிறீர்கள் என்று மெயிலில் துளைக்கிறார்கள். அதற்குப் பதில் எழுதுவதுதான் ரெனால்டின் உத்தியோகம். ஒரு காரியத்தைச் செய்யவில்லை என்று அவன் எழுதியதே கிடையாது. ‘நாங்கள் தயார், தகுந்த ஆள் கிடைக்கக் காத்திருக்கிறோம்’ என்று எழுதுவான். மெயில் போட்ட ஜெர்மனிக்காரர் நிம்மதியாகத் தூங்கப் போவார்.

பதிலுக்காக இன்டர்நெட்டில் படித்ததை எல்லாம் அவன் வீட்டுக்கும் கொண்டுவந்தான். குண்டு பல்புகள் குப்பைக்குப் போயின. காய்கறித் தோல் மொட்டைமாடியில் ஒரு டிரம்மில் மக்கத் தொடங்கியது. டி.வி.யை ரிமோட்டில் நிறுத்தினால் போதாது, எழுந்து போய் ஸ்விட்சையும் அணைக்க வேண்டும் என்றான். எழுந்து போனது பெர்சிஸ்.

அவள் ஆம்பூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிவதற்குள் பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தவளை அந்த மாதம் வெளிநோயாளிகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இனி அவன் போகிற நேரத்துக்கே அவளும் போனால் போதும். அவள் இதைச் சொன்னபோது ரெனால்ட் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

காரணம், ஆம்பூருக்கு அவன் தனியாக ஓட்டிப்போகும் மாருதி கார். நாள் முழுவதிலும் அவனிடம் யாரும் எதுவும் கேட்காத இடம் அது ஒன்றுதான். பள்ளிகொண்டா தாண்டியதும் வாய்விட்டுப் பாடுவான். குரல் சரியில்லை. பக்கத்தில் ஆள் இல்லாததால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து பெர்சிஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

“இன்னாங்க, கார்ல ஒத்த ஆளா போறதப் பத்தி உங்க இன்டர்நெட்ல இன்னா போட்டிருக்கு?”

“தப்புன்னுதான் போட்டிருக்கு.”

“அப்புறம்?”

அவன் யோசிக்கவில்லை. கை பழகிய பதில் வாயில் வந்தது. “நான் ரெடி பெர்சி. ஆள்தான் கிடைக்கல.”

“நான் வர்றேனே.”

“ஒருத்தர ஏத்தினா பத்தாது. எல்லா சீட்டும் ரொம்பணும். அப்பத்தான் பூமிக்கு லாபம்.”

அவள் தலையாட்டினாள். ஜெர்மனிக்காரரும் இப்படித்தான் அடங்குவார். ஆனால் ஜெர்மனிக்காரர் சத்துவாச்சாரியில் குடியிருக்கவில்லை.

மறுநாள் காலை கேட்டருகே மூன்று பேர் நின்றார்கள். பெர்சிஸோடு வேலை செய்யும் ஜெனிஃபா. ஆம்பூரில் பள்ளிக்கூட டீச்சராக இருக்கும் மஹ்பூபி. அதே பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த சைரா. ஆம்பூருக்குப் போய்வருகிற பெண்களுக்கென்று பெர்சிஸ் ராத்திரியே ஒரு மெயில் குரூப் தொடங்கியிருந்தாள். காலையில் கண் விழிப்பதற்குள் வண்டி நிறைந்துவிட்டது.

“அண்ணனுக்கு எவ்ளோ நல்ல மனசு,” என்றாள் மஹ்பூபி, ஏறிக்கொண்டே.

அண்ணன் அந்த வாரம் முழுவதும் பாடவில்லை. தலைமை நர்ஸின் குணம், பிரியாணிக்கு எந்த அரிசி, சைராவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் மீசை என்று பேச்சு பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு வந்து போனது. கண்ணாடியை ஏற்றச் சொன்னார்கள். இறக்கச் சொன்னார்கள். மாதனூரில் பூ வாங்க நிறுத்தச் சொன்னார்கள்.

சனிக்கிழமை மாலை அவன் மறுபடி இன்டர்நெட்டைச் சரணடைந்தான். தேடியது கிடைத்தது. தோசைக்குக் காத்திருந்தபடி அடுப்பங்கரை வாசலில் நின்று சொன்னான். கார் எடுப்பதே தவறு, எத்தனை பேர் ஏறினாலும் தவறுதான், பஸ்ஸில் ஐம்பது பேர் ஒரே வண்டியில் போகிறார்கள், ஆகவே எல்லோரும் பஸ்ஸுக்கு மாறுவதுதான் சரி. அவர்கள் மாறியபின், ஆபீஸ் வேலைக்குக் கார் தேவைப்படுகிறது என்று தன்னை மட்டும் கழற்றிக்கொள்வதாகத் திட்டம்.

“நீங்க படிச்சவரு. சரியாத்தான் இருக்கும்,” என்று பெர்சிஸ் தோசையைத் திருப்பினாள்.

ஞாயிறு காலை அவள் கம்ப்யூட்டரைத் திறந்தே வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போயிருந்தாள். திரையில் குரூப்புக்கு அவள் அனுப்பிய மெயில் இருந்தது. ‘சுற்றுச்சூழல்மேல் உள்ள அக்கறையால் ரெனால்ட் அவர்கள் திங்கள் முதல் பஸ்ஸில் போகிறார்கள். வண்டியை நான் ஓட்டுவேன். ஒரு சீட் காலி.’ கீழே வாழ்த்துகள் வரிசையாக வந்திருந்தன. காலி சீட்டுக்கு ஆளும் வந்திருந்தது, லேப் டெக்னீஷியன் சகீனா.

பெர்சிஸுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். அதைப் பற்றி யோசிக்க இப்போது நேரமில்லை.

“எல்லாரும் பஸ்ல போணும்னுதானே சொன்னேன்?”

“எல்லாரும் ரெடிதாங்க,” என்றாள். “பஸ்ல சீட்டுதான் கிடைக்கல. நீங்க நின்னுக்கிட்டே போய்டுவீங்க.”

இவ்வளவு சுத்தமான பதிலை அவனே எழுதியதில்லை.

திங்கட்கிழமை அவன் நின்றுகொண்டே போனான், நின்றுகொண்டே வந்தான். பாட நினைக்கவும் இடமில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தவன், ஒரே ஒரு நாள், நாளைக்கு மட்டும் தன்னை ஏற்றிக்கொள்ள முடியுமா, பின்சீட்டானாலும் பரவாயில்லை என்று கேட்டான்.

பெர்சிஸ் கார் சாவியை ஆணியில் மாட்டினாள்.

“ஜெனிஃபா நாளைக்கு லீவுதான். குரூப்புக்கு ஒரு மெயில் போட்டு வைங்க. முதல்ல கேக்கறவங்களுக்குத்தான் சீட்டு.”