கரியப்பனைச் சனிக்கிழமை வரை விடாதே

மைசூரு அக்ரஹாரம்,
திங்கட்கிழமை

சிரஞ்சீவி யதுநந்தனுக்குப் பெரியப்பா பராசரனின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் பெரியம்மாவும் சௌக்கியம். அங்கே ஜெயிலராகிய நீயும் உன் கைதிகளும் சௌக்கியமாயிருக்கப் பெருமாளை வேண்டுகிறேன்.

கண் போன பிறகு நானே எழுதும் முதல் கடிதம் இது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்தையும் காதில் சொல்கிறது, நான் அடிக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறையிலிருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு ஆன்லைன் வகுப்பு நடக்கிறதே, அதில் கற்றதுதான். மும்மூன்று பேராகக் குழு. என் குழுவில் ஹெப்பாளில் ஃபேக்டரி வேலை பார்க்கும், சக்கர நாற்காலியில் நடமாடும் மனிஷா, அப்புறம் உன் ஜெயிலில் இருக்கும் ஹனூர் கரியப்பன். மலைக்கோவிலுக்கு ஆன்லைனில் பஸ் டிக்கெட் போடுவது எப்படி என்று பாடம் தயாரித்திருக்கிறோம். எங்கேயும் போக முடியாத கரியப்பன்தான் அதில் எல்லாருக்கும் வழி சொல்கிறார். திரையில் இருப்பதை அவர் விவரித்தால் எனக்குப் பார்த்த மாதிரியே இருக்கும். சனிக்கிழமை பரீட்சை. மூவரும் வந்தால்தான் மூவருக்கும் பாஸ். சந்தோஷத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லையடா.

இந்த நேரம் பார்த்து வியாழக்கிழமை அவருக்கு விடுதலையாம், நன்னடத்தைக்காகவாம். நல்லதுதான், யார் வேண்டாமென்றார்கள்? ஆனால் அவருடைய லாகின் ஜெயில் கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும், வாசல் தாண்டினால் போச்சு. சான்றிதழ் இருந்தால் வேலை தருவதாக மனிஷாவின் சூபர்வைசர் ஒப்புக்கொண்டிருக்கிறார். போன வகுப்பில் கரியப்பன், "வெளிய வாரது சந்தோசந்தானுங்க சாமி, வெறுங்கையோட வந்தா என்னைய எவன் சேத்துக்குவானுங்க?" என்றார்.

ஆகையால் கண்ணா, இரண்டே நாள் அவரை உள்ளே வைத்துக்கொள். ஏதாவது சின்னத் தப்பு பண்ணச் சொல்லட்டுமா? உன் பெரியம்மா ஜயம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். "எல்லாரும் விடச்சொல்லி சிபாரிசு பிடிப்பா, நீங்க பிடிச்சு வைக்கச் சொல்றேளே" என்கிறாள். அவளுக்கென்ன, பரீட்சை அவளுக்கா?

உனக்கும் ஸுப்ரஜாவுக்கும் குழந்தைக்கும் சகல நன்மையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
பெரியப்பா பராசரன்

பி.கு.: மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. எழுதக் கற்றேனே தவிர, இதை அனுப்பக் கற்கவில்லை. அதைத் தேடித் தேடி வியாழக்கிழமையே வந்துவிட்டது. உன் வாசலிலிருந்து நேரே இங்கே வந்த கரியப்பன்தான் படித்துவிட்டு இப்போது அனுப்பித் தருகிறார். வேறு யோசனை செய்திருக்கிறோம். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அவரை மறுபடி உள்ளே விடு. தனியாக வரக் கூச்சப்படுகிறார், அதனால் நாங்களும் வருகிறோம். உங்கள் ஜெயிலுக்குள் சக்கர நாற்காலி ஏற வழி இருக்கிறதா என்று மட்டும் போன் பண்ணிச் சொல்.