கம்பியா தகடா, அண்ணனே சொல்லவும்

கந்தப்பளை,
ஆவணி முதலாம் நாள்.

மதிப்புக்குரிய பெரியண்ணன் முத்துலிங்கம் அவர்களுக்குத் தங்கச்சி நாகலெட்சுமி பணிவுடன் எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கு உயிரோடு இருக்கிறோம். அங்கு அண்ணியும் பிள்ளைகளும் அதைவிட நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை இடது கையால் எழுதுகிறேன். பெரியவர்களுக்கு இடது கையால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். வலது கை கட்டுக்குள் கிடக்கிறது, மன்னிக்கவும்.

ஆனி கடைசி வெள்ளியன்று பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துத் திரும்பும்போது பாசி வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். உங்க மச்சான் ஓடி வந்து முதலில் குடத்தைத்தான் தூக்கினார். ஆஸ்பத்திரியில் டொக்டர் படத்தைப் பார்த்து, "மணிக்கட்டு எலும்பு நொறுங்கி விலகியிருக்குங்கம்மா. வெளியில இருந்து கம்பி குத்தி நிறுத்தலாம், இல்லாட்டி வெட்டித் தகடு வச்சு ஆணி முடுக்கலாம். யோசிச்சு இந்தக் கிழமைக்குள்ளயே, ஏழு நாளுக்குள்ள வாங்க" என்று ஒரு கட்டுப் போட்டு அனுப்பினார். இந்தக் கிழமை என்றால் ஆடி பிறந்துவிடுமே! ஆடியில் உடம்பில் கத்தி படலாமா? உங்க மச்சான், "அம்மன் மாசந்தானடி, அவளே பாத்துக்குவா, போயி வெட்டிக்கிட்டு வா" என்றார். நான் அசையவில்லை.

ஆடியைச் சும்மா கழிக்காமல், வரவு செலவு எழுதுவது போல இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மேல் லயத்து வரிசை வீட்டு டெல்சிக்குப் போன வருசம் கம்பி. புண் சீழ் வைத்ததாம். "கம்பியக் கொறட்டால இழுத்தாங்கக்கா. நா மாதாவக் கூப்பிட்ட சத்தம் நானுஓயா ஸ்டேசனுக்குக் கேட்டிருக்கும்" என்கிறாள். பக்கத்து வீட்டுப் பூரணிக்குத் தகடு. சீக்கிரமே ரொட்டி மாவு பிசைந்தாளாம், ஆனால் "பனி விழுகிற அன்னைக்கி எலும்புக்குள்ள பல்லு கிட்டுதுக்கா" என்கிறாள். இருவரையும் ஈரப் போர்வை பிழியச் சொன்னேன், தேங்காய் துருவச் சொன்னேன். வித்தியாசமே இல்லை, இரண்டு பேருமே பாதியில் என்னைத் திட்டினார்கள். கடைசியாகக் கும்பிடச் சொன்னேன். இருவருக்கும் உள்ளங்கை ஒட்டியது அண்ணே! எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ரொட்டியை உங்க மச்சான் தட்டட்டும். நான் ஒற்றைக் கையைத் தூக்கி அம்மனுக்கு சலூட் அடிக்கிறதைப் பார்த்துப் பூசாரியே தலையைக் குனிந்து சிரிக்கிறார்.

இப்போது ஆவணி பிறந்துவிட்டது, இனித் தடை இல்லை. கம்பியா தகடா, மூத்தவர் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அம்மன் சொன்னதாக எடுத்துக்கொள்வேன். அண்ணியின் முழங்கால் வலிக்கும் சேர்த்து விளக்கேற்றுகிறேன்.

தங்கள் தங்கச்சி,
நாகலெட்சுமி

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்ததும் நல்லதாயிற்று. உங்கள் பதில் வருமுன் கையைக் காட்டிவிட்டு வரலாமென்று இன்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டைப் பிரித்துப் புதுப் படம் எடுத்த டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு "கும்பிடுங்கம்மா" என்றார். எந்தச் சாமியை என்று கேட்டேன். "ரெண்டு கையையும் சேருங்கம்மா, போதும்." சேரவில்லை. "கோணலாக் கூடிருச்சுங்க. கம்பிக்கும் தகட்டுக்கும் நேரம் போயிருச்சு. இனி நிமித்தணும்னா திரும்ப ஒடைக்கணும்." உங்க மச்சான், "ஒடைச்சிருங்க டொக்டர், ஆவணிதான்" என்றார். அப்புறம் வெளியே போய் நின்றுகொண்டார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைக்கிறார். இனிக் கம்பியா தகடா என்று நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் அண்ணே. சாயந்திரம் கோவிலுக்குப் போனேன். உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் போகிற இடைவெளி. பழத்தை வைத்தே கும்பிட்டேன். பார்க்கிறவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொள்வார்கள்.