ஓக்லஹோமாவும் ஒரு கப் கடுஞ்சாயமும்

யாங்கோனில் உட்கார்ந்துகொண்டே அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களையும் என் தலையில் கட்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் தெருவில் அவருக்கு அமெரிக்கா பாய் என்று பெயர். பஸ் ஏறினாலும் வாந்தி, அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் படகு ஏறினாலும் வாந்தி. ஆற்றைத் தாண்ட முடியாதவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தீர்ப்பு சொல்வார்.

டீக்கடை வாசலில் மூக்குக்கண்ணாடி விற்கிறார். தெருவில் பாதிப் பேர் வெளிநாடு போய்விட்டார்கள், மீதிப் பேர் போகக் காத்திருக்கிறார்கள். கரண்டும் இருப்பதில்லை. வேறு வழியில்லாமல் அவர் பேச்சைக் கேட்கிறோம்.

இங்கே டீ கேட்டால் பால் எவ்வளவு, சாயம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். பாய் மாநிலங்களையும் அப்படித்தான் பிரித்தார்.

“கலிபோர்னியா சோ செயின் டீ. பாலும் இனிப்பும் வழியும். யாரு எப்படி இருந்தாலும் ஏன்னு கேக்க மாட்டான். டெக்சாஸ் சாயம் தூக்கல். சர்ச்சும் துப்பாக்கியும் உயிரு, வரின்னு சொன்னா கோவம்.”

“பென்சில்வேனியா?”

“அங்க எலெக்சனுக்கு எலெக்சன் டீ மாஸ்டர் மாறுவான்யா!”

இதெல்லாம் எனக்கு வெறும் தலைவலியாகத்தான் இருந்தது, என் மகள் பரீதாவுக்கு வரன் வரும்வரை. பையன் ஓக்லஹோமாவில் வேலை பார்ப்பவன். இருவரும் போனில் பேசினார்கள், பிடித்துப்போனது. பேசி முடிக்கப் பையனின் மாமா யாங்கோனுக்கு வெளியே இருக்கும் மாவ்பியிலிருந்து பஸ்ஸில் வந்தார். வீட்டில் புழுக்கம் தாங்காமல் டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

பாய் தானாக வந்து ஒரு கப்பை அவர் முன்னால் வைத்தார். பாலே இல்லாத கறுப்புச் சாயம்.

“குடிச்சுப் பாருங்க. உங்க ஓக்லஹோமா இதுதான். எங்க பொண்ணு சோ செயின்ல வளந்தவ. முக்காடு போட்டுக் கடைக்குப் போனா அங்க எவன் எப்படிப் பாப்பான்?”

“நான் சம்பந்தம் பேச வந்தேனா, டீ ருசி பாக்க வந்தேனா?” என்று மாமா எழுந்தார். நேராக பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பரீதா சாப்பிடவில்லை. நான் பாயைப் பிடித்துக் கத்தினேன். “கண்ணாடிய வித்துட்டு வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டீரா?” அவர் கண்ணாடிப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் கடை போடவில்லை. தொலையட்டும் என்று நினைத்தேன். காலில் விழுந்தாவது சமாதானம் பண்ணலாம் என்று மாவ்பிக்கு பஸ் ஏறினேன். வெயில், கூட்டம், வழியெல்லாம் நிறுத்தம். என் வயதில் இது தேவையா?

மாமா வீட்டு வாசலில் பாய் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வாந்திக் கறை. கையில் கறுப்புச் சாயம். முகம் கோணிக்கொண்டு போனது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். “இன்னொரு கப்பு குடுங்க.”

“போதும் பாய், செத்துப்போயிருவீரு!” மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கல்யாணத்தை நடத்திருவோம், கப்பக் கீழ வையும்.”

நடத்தினோம். பரீதா ஓக்லஹோமாவுக்குக் குடிபோனாள். போனில் என்னை விசாரிப்பதற்கு முன்னால் பாயைத்தான் விசாரிக்கிறாள்.

போன வாரம் டீக்கடையில் ஒருவர் கேட்டார். “பாய், ஓக்லஹோமா எப்படி? கடுஞ்சாயம்தானே?”

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “அது பழைய கதை. இப்பக் கொஞ்சம் பால் சேந்திருக்கு. நம்ம பொண்ணு போயிருக்கால்ல?”