வண்டி குலுங்கியதற்கு நான் காரணம் அல்ல

மதிப்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒரு குறைவுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் அடுத்தவன் வண்டிச் சாவியைப் பற்றி யோசிக்க உங்களுக்கு நேரம் கிடைத்திருக்காது.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது ரவுண்டானாவில் என் வண்டி குலுங்கி நின்றதே, பின்னால் பஸ்காரன் ஹாரன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டானே, அப்போது பக்கத்து சீட்டிலிருந்து நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வண்டி நல்லாத்தான் இருக்கு மாமா. நீங்க கிளட்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறீங்க." அதோடு விட்டீர்களா? ஊர் போய்ச் சேர்ந்ததும் என் மகளிடமிருந்து போன். "அப்பா, இனிமே நீங்க வண்டி எடுக்க வேணாம், சாவியைக் குடுத்துடுங்கன்னு அவர் சொல்றாரு. கண்ணு, கை எல்லாம் முன்ன மாதிரி இல்லையாம்." நில அளவை அலுவலகத்தில் காலமெல்லாம் மயிரிழைக் கோடு போட்ட கண், மாப்பிள்ளை இது! அன்றிலிருந்து அவள் போனில் என்னிடம் கத்திக் கத்திப் பேசுகிறாள், காதும் போய்விட்டது போல. பக்கத்து வீட்டுக்காரர் பஸ் நேரங்களை எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறார். நான் கேட்டேனா?

ஆகையால் நோய் வண்டிக்குத்தான், எனக்கில்லை என்று நிரூபிக்கக் கிளம்பினேன். முதலில் தெருமுனை மெக்கானிக். அவருக்குத் தெரிந்த வியாதி ஒன்றே ஒன்று. இருமினாலும் பிளக், பெட்ரோலைக் குடித்தாலும் பிளக், கதவுக் கண்ணாடி இறங்காவிட்டாலும் முதலில் பிளக்கைத்தான் கழற்றுவார். மாற்றினார். வண்டி வீட்டு வாசல்வரை நல்ல பிள்ளையாக வந்து, மறுபடி இருமியது. அடுத்து, நீங்கள் சிபாரிசு செய்த பெரிய ஒர்க்‌ஷாப்காரர். பெட்ரோல் பம்பை மாற்றினார், ஃபில்டரை மாற்றினார், பதிலை மட்டும் மாற்றவே இல்லை: "பழசு சார், அப்படித்தான் இருக்கும்." சொல்லும்போது அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

மூன்றாவதாக, ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு பெண். கொஞ்சம் கறார். "சிக்னல்ல குலுங்குது, ஆக்சிலேட்டரை அழுத்தினா ஒரு நிமிஷம் யோசிக்குது" என்று ஆரம்பித்தேன். "சரி சார், பேசாம உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று விரல் நீளத்துக்கு ஒன்று திருகியிருக்கிறது. எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று அது மோப்பம் பிடித்துச் சொல்ல, அதைக் கேட்டு வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். எஞ்சினைச் சூடேற்றி, சீராக உறுமவிட்டு, அந்தச் சென்சாரின் கோட்டைத் திரையில் காட்டினாள். மேலும் கீழும் படபடவென்று துடிக்க வேண்டிய கோடு, வயிறு முட்டச் சாப்பிட்டவன் மாடிப்படி ஏறுவதுபோல் ஏறி, உச்சியில் நின்று மூச்சு வாங்கி, பிறகு இறங்கியது. கோடு பார்த்தே தலை நரைத்தவனுக்கு விளக்கமா வேண்டும்?

"சென்சார் போச்சா?" என்றேன்.

"அவசரப்படாதீங்க. குழாயில ஓட்டை இருந்து வெளிக்காத்து உள்ள போனாலும் கோடு தப்பாத்தான் வரும்." மூட்டு மூட்டாகச் சோதித்தாள். ஓட்டை இல்லை. எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் கொஞ்சம் எரிவாயுவை விட்டாள். சட்டென்று எகிற வேண்டிய கோடு ஆடி அசைந்து ஏறியது. ஒரு ரப்பர் குழாயைப் பிடுங்கிக் கூடுதல் காற்றை விட்டாள். சட்டென்று விழ வேண்டியது யோசித்து யோசித்து விழுந்தது. "சாகல சார். உண்மையைத்தான் சொல்லுது, ஆனா லேட்டா சொல்லுது. அதுக்குள்ள கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊத்திடுது, அப்புறம் பதறிப்போய் ஒரேயடியா குறைக்குது. குலுங்காம என்ன பண்ணும்?"

"அப்ப, நான் ஓட்டுறது..."

"ஓட்டுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

இதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், மாப்பிள்ளை. சொன்னாள்.

சென்சாரைக் கழற்றினால் முனையெல்லாம் மாவு அப்பினாற்போல் வெள்ளை. "எஞ்சின்ல யாராவது சிலிக்கான் பசை பூசினீங்களா? பாத்ரூமுக்குப் போடுற சாதா பசை? அதோட ஆவி உள்ள போய் இதைக் கெடுத்துடும்." நினைவிருக்கிறதா? எஞ்சின் மூடியில் எண்ணெய் கசிகிறதென்று, "இதுக்கெல்லாம் எதுக்கு மாமா மெக்கானிக்?" என்று, ஒரு கையில் வீடியோவும் மறு கையில் வாஷ்பேசினுக்கு வாங்கிய டியூபுமாக அப்பித் தள்ளியது யார்? என் கண்ணா? என் கையா?

புது சென்சார் போட்டாயிற்று. வண்டி குலுங்கவில்லை. ஒரு மனுஷனுக்கு வயசாகிவிட்டது என்று தீர்ப்பு எழுதுமுன் ஒரு போல்ட்டையாவது கழற்றிப் பார்த்திருக்கக்கூடாதா நீங்கள்? இதையெல்லாம் என் மகளிடம் உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். மெதுவான குரலில் எனக்குப் போன் பண்ணச் சொல்லவும் வேண்டும்.

மகளுக்கு என் ஆசிகள் முழுதாக. உங்களுக்குப் பாதி. மீதி, பதில் கண்டபின்.

இப்படிக்கு,
இன்னமும் வண்டி ஓட்டுகிற
உங்கள் மாமனார்

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, "மாப்பிள்ளையைத் திட்டாதீங்க. சாவியை வாங்கச் சொன்னது நான்தான்" என்றாள். "அதான் வண்டி சரியாயிடுச்சே" என்றேன். "குலுங்குற வண்டி நின்னுடும், அதுல எனக்குப் பயமில்ல. நல்லா ஓடும்போதுதான் பயம். மாப்பிள்ளை வர்றதுக்கு முன்ன ஒரு நாள், ஸ்கூல் வாசல்ல ஒரு சின்னப் பொண்ணு குறுக்க வந்தது உங்களுக்குத் தெரியவே இல்ல. ஹேண்ட்பிரேக்கை இழுத்தது நான். வண்டி தானா நின்னுடுச்சுன்னு நீங்க அதைத் திட்டினீங்க. உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. 'பழி என் பேர்ல போகட்டும் அத்தை'ன்னு மாப்பிள்ளைதான் சொன்னாரு."

வண்டியைத் திட்டியது நினைவிருக்கிறது. அந்தப் பெண் குழந்தை நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

பசை விஷயம் பசை விஷயம்தான், அதனால் கடிதத்தைக் கிழிக்கவில்லை. சாவி உறைக்குள் இருக்கிறது. வண்டி இப்போது அருமையாக ஓடுகிறது. வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.