அம்புக்குறி போட்ட செம்பு

"ஜமேதார் ஜி, நானும் கிளம்பறேன்." நிஹால் சிங் சீருடையை மடித்து மேசைமேல் வைத்தான். இந்த வாரத்தில் மூன்றாவது ஆள்.

"எங்கடா?"

"அடகுக்கடை வாசல் காவலுக்கு. இங்கே தர்றதைவிட ஒண்ணரை மடங்கு."

ஜமேதார் கேஹர் சிங் அந்தச் சீருடையை எடுத்து மற்ற இரண்டின்மேல் அடுக்கினார். ஹாங்காங் கடற்படைக் கப்பல் பட்டறைக்கு அவர்தான் காவல் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு செம்புத் தகடுகூடக் களவு போகவில்லையென்றால் ஊருக்கு லீவு என்று துரை சொல்லியிருந்தார். ஜலந்தர் பக்கத்துக் கிராமத்தில் அவர் கப்பலேறிய பிறகு பிறந்த மகளுக்கு இப்போது ஐந்து வயது. பாவி மனுஷன் அவள் முகத்தை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

"வயிறு நிறைஞ்சா எவன் போவான்?" என்று இரண்டு எருமை வாங்கிக் கட்டினார். தினமும் லஸ்ஸி, வெண்ணெய் வழியும் ரொட்டி. ஒரே மாதத்தில் ஆட்கள் தூண் தூணாக ஆனார்கள். "அடேயப்பா, இப்படி ஆள்தான் வேணும்!" என்று வங்கிக்காரர்கள் நாலு பேரை அள்ளிக்கொண்டு போனார்கள்.

மனசுக்குச் சந்தோஷமாவது இருக்கட்டும் என்று மல்யுத்தப் போட்டி வைத்தார். வேடிக்கை பார்க்க வந்த வியாபாரிகள் ஜெயித்தவனைக் கையோடு கூட்டிப்போனார்கள்.

"தோத்தவன் எங்கேப்பா?" என்றார் கேஹர் சிங்.

"அவனைப் பின்வாசல் காவலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார் சமையல்காரர் உஜாகர் சிங்.

கப்பலிறங்கி குருத்வாராவில் தங்கியிருந்தவர்களைப் பிடித்து வந்தார். முதல் நாளே பாடம்: "கடற்படைச் சாமான் எல்லாத்துலயும் அம்புக்குறி இருக்கும். வெளியே எங்கே பார்த்தாலும் ஆளைப் பிடி!" பாடம் முடிந்ததும் அவர்களுக்குக் கிராக்கி இன்னும் ஏறியது. உள்ளூர் பழைய இரும்புக்கடைக்காரன்கூட ஒருவனைக் கொத்திக்கொண்டு போனான்.

"ஜமேதார் ஜி, நாம காவலா நடத்தறோம்? ஊருக்கெல்லாம் ஆள் தயார் பண்ற பள்ளிக்கூடமில்ல நடத்தறோம்!" என்று உஜாகர் சிங் சிரித்தார். கேஹர் சிங்குக்கு அழுகைதான் வந்தது.

மூன்று மாதம் முடிந்து துரை வந்த அன்று வரிசையில் நின்றது மூன்று பேர். நாலாவதாக, மாவுக்கையோடு உஜாகர் சிங்.

துரை கிடங்குக்குள் போய் ஒவ்வொரு தகடாக எண்ணினார். வெளியே கேஹர் சிங் வாஹேகுருவை நினைத்துக்கொண்டு நின்றார். லீவு போச்சு, மகளும் போச்சு!

துரை வந்தார். "பன்னிரண்டு பேர் இருந்தப்போ மாசம் இருபது தகடு காணாமப் போச்சு. மூணு பேர் இருக்கறப்போ ஒண்ணுகூடப் போகலை. எப்படியப்பா?"

கேஹர் சிங் அவசரமாக ஒரு சல்யூட் அடித்தார். துரை தலையை ஆட்டிக்கொண்டே லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். ஜமேதாரின் தாடியெல்லாம் நனைந்துவிட்டது.

வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒல்லியாக ஒருவன் நின்றிருந்தான். துறைமுகமே அறிந்த செம்புத் திருடன் ஆ குவாய்.

"உனக்கென்னடா வேணும்?"

"எனக்கும் இங்கே காவல் வேலை போட்டுக் குடுங்கய்யா. மூணு மாசமா பிழைப்பே போச்சு. செம்பை விக்க எந்தக் கடைக்குப் போனாலும், உங்ககிட்டேருந்து ஓடிப்போன ஆளு வாசல்ல நின்னுக்கிட்டு, 'அம்புக்குறி இருக்கா, காட்டு'ங்கறான்!"