பட்டா இல்லாத பாகம்

முப்பத்தாறு வருடம் வருவாய்த் துறையில் இருந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. பெயர் எழுதாத எதைக் கண்டாலும் அது அரசுக்குச் சொந்தம் என்று தோன்றும்.

வேங்கிக்கால் வீட்டில் எங்களுக்கு ஒரே கம்ப்யூட்டர். கல்லூரியில் பாடம் நடத்தும் மருமகள் ரேவதி அதன் டிஸ்க்கை இரண்டு பாகமாகப் பிரித்திருந்தாள். எனக்கு விண்டோஸ், அவள் ஆராய்ச்சிக்கு லினக்ஸ். போட்டவுடன், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அது கேட்கும்.

ஒரு நாள் காலை, ஓய்வூதியர் சங்கப் படங்களைச் சேமிக்க என் பக்கத்தில் இடம் போதவில்லை. தேடினால், பக்கத்திலேயே பெரிய பாகம் ஒன்று. பெயர் இல்லை, உள்ளே எதுவும் தெரியவுமில்லை. (அவள் பக்கத்து எழுத்தை என் பக்கத்துக்குப் படிக்கத் தெரியாது என்பது பிற்பாடு கற்ற பாடம்.) தொட்டதும், ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்றது.

காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி சரோஜா எட்டிப் பார்த்தாள். "தெரியாததைத் தொடாதீங்க. ரேவதி வரட்டும்."

"நான் பார்க்காத புறம்போக்கா?"

நோட்டீஸ் கொடு, கெடு முடியும்வரை காத்திரு, நேரில் போய்ப் பார் என்று எத்தனை உதவியாளர்களை வறுத்தெடுத்திருக்கிறேன்! மூன்றையும் அரை விநாடியில் தாண்டி 'ஆம்' என்று அழுத்தினேன்.

சாயங்காலம் ரேவதி வந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரையில் ஒற்றை வரி. அவள் பக்கமும் வரவில்லை, என் பக்கமும் வரவில்லை. வழி கேட்கும் அந்த வாசல்காரன் அவள் பாகத்தில்தான் குடியிருந்தானாம்.

"மாமா, ஏதாச்சும் பண்ணீங்களா?"

"இடம் கம்மியா இருந்துச்சும்மா..."

"என் ஆய்வேட்டோட நாலாவது அத்தியாயம் அதுலதான் மாமா இருந்துச்சு. திங்கக்கிழமை குடுக்கணும்."

மகனாயிருந்தால் கத்தியிருப்பான். மருமகள் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். அதுதான் தாங்கவில்லை.

மற்ற மூன்று அத்தியாயங்கள் அவள் மெயிலில் இருந்தன. நாலாவதுக்குக் கையெழுத்துக் குறிப்பு மட்டும். தோழியின் லேப்டாப்பை வாங்கி வந்தாள். இரண்டு நாள் நான் உரக்கப் படிக்க, அவள் அடித்தாள். தலைப்பு: ஏரி நிலங்களில் ஆக்கிரமிப்பு. (என் குற்றப்பத்திரிகையை நானே வாசித்தேன்.) திங்கட்கிழமை கொடுத்துவிட்டாள்.

இப்போதும் கிரிவலத்தில் கால் கடுத்து, அடி அண்ணாமலையில் காலி பெஞ்சைப் பார்த்து நான் உட்காரப் போனால் சரோஜா விடமாட்டாள். "இருங்க, யார் இடம்னு மருமககிட்ட கேட்டுக்கலாம்."

ரேவதி பெஞ்சைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள்: "ஆள் இல்ல மாமா, உக்காருங்க."

அதற்குப் பிறகும் நான் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் உட்காருகிறேன்.