லாக்கப்புக்குப் பக்கத்தில் ஒரு பிராக்டிகல்

கல்லூரி ஆசிரியையாக இருந்த காலத்தில் நான் கடைசிவரை கூடவே இருந்து கரையேற்றிய மாணவர்கள் மொத்தம் ஒரே ஒருத்திதான். அவளையும் கரைக்குப் பக்கத்தில் கவிழ்க்கப் பார்த்தேன்.

தாம்பரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். நான் மின்னியல் துறையில் உதவிப் பேராசிரியை. சேர்ந்த புதிதில் பெஞ்சு போதாமல் பையன்கள் ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு சேர்க்கை குறைந்தது. சம்பளம் தள்ளிப் போனது. சம்பளம் வராததைப் பார்த்து வாத்தியார்கள் கிளம்பினார்கள், வாத்தியார்கள் போனதைப் பார்த்து மாணவர்கள் டி.சி. வாங்கினார்கள். இறுதியாண்டில் மிஞ்சியது நித்யா மட்டும். முடிச்சூர்ப் பெண். கடைசி வருடத்தில் எடுக்க மாட்டோம் என்று மற்ற கல்லூரிகள் கைவிரித்துவிட்டதால் எங்களிடமே தங்கிவிட்டாள். (அவளுக்குத் தலைவலி என்றால் துறைக்கே விடுமுறை. முதல்வர் அவள் வீட்டுக்குப் போன் போட்டு, "கஷாயம் குடுத்தீங்களா?" என்று விசாரிப்பார்.)

அந்த வருடத்தோடு எங்கள் துறைக்கு மூடுவிழா என்று முடிவாகிவிட்டது. நித்யாவுக்கு பாக்கி ஒரே ஒரு தேர்வு. முந்தைய வருடம் மஞ்சள் காமாலையில் விட்டுப்போன மெஷின்ஸ் லேப் பிராக்டிகல். அதை முடித்தால் டிகிரி. ஒரகடத்தில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலையும் வைத்துக்கொண்டு காத்திருந்தது. முடிக்காவிட்டால், இல்லாத துறையில், இருக்குமா என்றே தெரியாத கல்லூரியில், எங்கே போய் எழுதுவது?

தேர்வன்று காலை ஸ்கூட்டியில் போய் இறங்கினால் வாசல் முழுக்க போலீஸ். எங்கள் தாளாளரைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்து, உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் எங்கள் பிளாக்கின் மேலேயே 'காவல் நிலையம்' என்று போர்டு தொங்குவதைப் பார்த்தேன். லேபுக்கு அடுத்த அறையில் கம்பி போட்டு லாக்கப் செய்திருந்தார்கள்.

முதல்வருக்குப் போன் போட்டேன்.

"ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்ருக்காங்க மேடம். எனக்கே காலைலதான் தெரியும்."

"சார், இன்னிக்கு யுனிவர்சிட்டி பிராக்டிகல்!"

"சமாளிங்க மேடம்."

லேபுக்குள் போய் மெயின் சுவிட்சைப் போட்டேன். ஒரு விளக்கும் எரியவில்லை. மறுபடி போன்.

"ஆமா மேடம், சொல்ல மறந்துட்டேன். பில் கட்டலன்னு நேத்து ஈ.பி.காரங்க வந்து பீஸைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க. கொஞ்சம் சமாளிங்க."

மின்னியல் துறையில் மின்சாரம் இல்லை! பத்து மணிக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருவார். லேப் ஓடவில்லை என்று அவர் ஒரு வரி எழுதினால் நித்யாவின் கதை முடிந்தது. அவளோ ரெக்கார்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஷூட்டிங் ஜெனரேட்டர் வேன் உறுமிக்கொண்டு நின்றது. புரொடக்ஷன் மேனேஜரைத் தேடிப் பிடித்தேன்.

"இன்னா மேடம், ஹீரோவ பாக்கணுமா? அப்டி ஓரமா நின்னுக்கினு பாருங்க."

"ஹீரோ வேண்டாம்ணா. கரண்ட் வேணும்."

விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார். "அய்ய, காலங்காத்தால இன்னா பேஜாரு இது? சரி, படிக்கிற பொண்ணு. எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு, டேக் போறப்ப ஒரு சவுண்டு வரக் கூடாது. லைவ் சவுண்டு. ஹீரோ அழுவுற சீன் கீது. ஓகே சொன்னப்பறம் நீங்க இன்னா வேணா ஓட்டிக்கோங்க."

நானே இணைப்பு இழுத்தேன். லாக்கப்புக்குள் ஹீரோவின் தலைக்கு மேல் தொங்கிய குண்டு பல்புக்குப் போகிற லைன்தான் கைக்கு எட்டியது. அதிலிருந்தே எடுத்தேன். (எம்.இ. படித்தவளாயிற்றே!)

தேர்வாளர் வந்தார். போர்டைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"காலேஜ் எங்க மேடம்?"

"இதான் சார்."

அவரும் எங்களைப் போலவே ஆட்டங்கண்ட ஒரு கல்லூரிக்காரர். உட்கார்ந்ததும் மெல்லக் கேட்டார். "இங்க சம்பளம் வருதா?"

"அடுத்த மாசம்னு சொல்றாங்க சார்."

"எங்களுக்கும் அடுத்த மாசம்தான்" என்றார். "ஒரு மணிக்கு நான் கிளம்பணும் மேடம். மதியம் பொத்தேரி தாண்டி இன்னொரு எக்ஸாம்."

நித்யா மளமளவென்று சர்க்யூட் வரைந்து, ஒயர் எல்லாம் மாட்டி முடித்தாள். அவர் சரிபார்த்து, "ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார். பக்கத்து அறையிலிருந்து "சைலன்ஸ்! டேக்!" என்று சத்தம் வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

ஹீரோவுக்கு அழுகை வரவில்லை. மறுபடி டேக். வரவில்லை. கிளிசரின் போட்டார்கள். கண் சிவந்ததே தவிர முகத்தில் சோகம் வந்தபாடில்லை. "அம்மா செத்துட்டாங்கன்னு நெனைச்சுக்கோ" என்று இயக்குநர் கெஞ்சினார். எங்கள் தேர்வாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இவருக்கு நடிப்பு சுட்டுப்போட்டாலும் வராது" என்று தீர்ப்பு சொன்னார். சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரீடிங் இல்லாம மார்க் போட முடியாதும்மா. என் வேலைக்கே உலை."

பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. நித்யாவின் உதடு காய்ந்துவிட்டது. ஒரு பயலின் கண்ணீருக்காக இந்தப் பெண்ணின் நாலு வருடம் காத்துக்கொண்டு நிற்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மோட்டாரின் உருளையைச் சுற்றி ஒரு பெல்ட் உண்டு. ஒரு சக்கரத்தைத் திருகினால் பெல்ட் இறுகும், மோட்டாருக்குச் சுமை ஏறும். பெல்ட்டைத் தளர்த்திவிட்டுத்தான் மோட்டாரை ஓட்ட வேண்டும் என்று வருடக்கணக்காகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்றைக்குப் பதற்றத்தில் என் கை சும்மா இருக்காமல் அந்தச் சக்கரத்தையே திருகிக்கொண்டிருந்திருக்கிறது.

"அவன் இன்னிக்கு அழ மாட்டான். நீ ஸ்டார்ட் பண்ணு" என்றேன்.

"மேம், டேக் போகுது."

"போகட்டும்."

"மேம், பெல்ட்டு..."

"ஸ்டார்ட் பண்ணுடி!"

பண்ணிவிட்டாள். மோட்டார் சுற்றவில்லை. 'ம்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து முனகியது. கருகிய வாசனை வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் லாக்கப் பல்பு மங்கி, அணையப்போகிற மாதிரி ஆகிவிட்டது.

லைனைப் பிடுங்கிவிடுவார்கள்! அது ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது. விழுந்தடித்து லாக்கப்புக்குள் ஓடினேன். எதிரில் இன்ஸ்பெக்டர் உடுப்பில் ஒருவர் நின்றார். அவர் நடிகர் என்பதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

"சார், சார், லைனைக் கட் பண்ணிடாதீங்க சார்! அந்தப் பொண்ணு டிகிரி போயிடும் சார்! வேற காலேஜே இல்ல சார் அவளுக்கு!"

சொல்லும்போதே உடைந்து அழுதுவிட்டேன். சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்திய அழுகை. நித்யாவுக்காக மட்டும் அழவில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். யாரும் 'கட்' சொல்லவில்லை, கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. கம்பிக்குப் பின்னால் இருந்த ஹீரோ என்னையே பார்த்தான். அவன் முகம் கோணியது. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அந்த நேரம் பல்பும் மெல்லப் பிரகாசமானது.

"கட்! ஓகே! ஓகே!" என்று இயக்குநர் துள்ளிக் குதித்தார்.

மேனேஜர் என்னிடம் ஒரு டம்ளர் டீயை நீட்டினார். "மேடம், இனிமே சாயந்தரம் வரிக்கும் வேணா ஓட்டிக்கோங்க."

லேபுக்குத் திரும்பினால் மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. நித்யா பெல்ட்டைத் தளர்த்தி அதைக் காப்பாற்றியிருக்கிறாள். ரீடிங் எடுத்துக்கொண்டிருந்தாள். உருளை சூடேறாமலிருக்கத் தேர்வாளரே ஷூட்டிங் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முடித்தபோது ஒரு மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. வைவாவில் ஒரே கேள்வி கேட்டார்.

"லோடோட ஸ்டார்ட் பண்ணா என்னம்மா ஆகும்?"

நித்யா என்னைப் பார்த்தாள். "இப்பதான பாத்தோம் சார்."

பாஸ் பண்ணினாள். ஒரகடத்தில் சேர்ந்தாள். கல்லூரி முழுசாக மூடிவிட்டது. இப்போது ஒரு படத்தில் ஆஸ்பத்திரி, இன்னொன்றில் கோர்ட் என்று அதன் பிழைப்பு ஓடுகிறது. நான் சேலையூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன்.

அந்தப் படம் வந்தது. அந்த டேக்கையே வைத்திருந்தார்கள். பல்பு மங்கும், ஒரு முனகல் எழும், எங்கேயோ ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்கும், ஹீரோ கண் கலங்குவான். இயக்குநரின் நுட்பம் என்று யூடியூபில் ஒருவர் சிலாகித்திருந்தார். எங்கள் வீட்டில் எப்போது விளக்கு மங்கினாலும் என் கணவர், "உமா, பெல்ட்டை லூஸ் பண்ணு" என்பார். என் மகளும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

டிவியில் அந்தப் படம் போட்டால் நித்யா போன் பண்ணிவிடுவாள். "மேம், டிவியைப் போடுங்க. என் எக்ஸாம் ஓடுது." போடுவேன். அந்தக் காட்சி வந்ததும் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடியே வாயை மூடிக்கொள்வோம். பல்பு மறுபடி பிரகாசமானதும், "அப்பாடா, பாஸ் பண்ணிட்டேன் மேம்" என்பாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு அப்போதுதான் மூச்சு வரும்.